கூதலுக்குப் பழகிய ஊரும் பழகாத ஊரும்

திருநெல்வேலிச் சீமையில் எந்த மாதம் கூதல் அதிகம் என்று கேட்டால் பாளையங்கோட்டைக்காரர் மார்கழி என்பார். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கேட்டால் ஆனி, ஆடி என்று பதில் வரும். ஆடியில் கூதலா என்று வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, சாரலும் சேர்ந்து அடிக்கும்போது, குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நிற்பவருக்குப் பல் தந்தியடிக்கும். அந்த நேரத்தில் வெப்பமானியைப் பார்த்தால் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

உடம்பு குளிரை உணர்வது காற்றின் சூட்டை வைத்து மட்டும் இல்லை. தோலை ஒட்டி வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. பலமான காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். உடம்பு மறுபடி மறுபடி புதுக் காற்றைச் சூடாக்க வேண்டிவரும். உடம்பில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம், அந்த ஈரம் நம் சூட்டை எடுத்துக்கொண்டுதான் காயும். கனடாவின் வானிலை அறிக்கையில் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் அளவைத் தனியாகச் சொல்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் முகத்துக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இடைவேளையில் வெளியே விடலாமா என்பதை அங்கே இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

நெல்லைச் சமவெளிக்குப் பெரிய குளிர் வராது. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் 9 டிகிரிகூடத் தள்ளியில்லை. டிசம்பர் கடைசியில்கூட இங்கே உச்சிவேளைச் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது, பகலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. அதே நாளில் ஹெல்சிங்கி நகரத்தில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, சூரியன் அடிவானத்தைவிட்டு ஆறேழு டிகிரிதான் மேலே வரும். போதாததற்கு நமக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடா இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம் இரவுச் சூட்டை மேலே போகவிடாமல் மூடிவைக்கிறது. மேகம் விலகிய மார்கழி, தை இரவுகளில்தான் தரை சூட்டை இழக்கிறது. அப்போதும் பெரும்பாலான நாள் 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள இடங்களில் அதைவிட ஆறேழு டிகிரி குறையும்.

இருபது டிகிரிக்கு மப்ளரா என்று குளிர்நாட்டில் வாழ்கிறவர்கள் கேட்கலாம். நம் நாட்டு வானிலைத் துறையே எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோலை வைக்கவில்லை. குளிர் அலை என்று அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பம் சமவெளியில் 10 டிகிரிக்கும், மலைப்பகுதியில் பூஜ்யத்துக்கும் இறங்கியிருக்க வேண்டும். கடலோர ஊர்களுக்கு 15 டிகிரியே போதும். அதோடு, அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும் என்றும் ஒரு கணக்கு உண்டு. ஊருக்கு ஊர் அளவு மாறுவது சரியான ஏற்பாடு. ஏனென்றால் மனிதர்களைக் குளிர் எவ்வளவு வாட்டும் என்பது, அவர்களின் வீடும் சாலையும் நிர்வாகமும் எந்தக் குளிரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை என்பதைப் பொறுத்தது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, பட்டாசல் என்னும் கூடம், வானம் பார்த்த முற்றம், மேலே தட்டோடு பதித்த மட்டப்பா என்னும் மொட்டைமாடி எல்லாம் இருக்கும். சூட்டை வெளியே அனுப்புவதற்காகவே நம் கொத்தனார்கள் அந்த வீடுகளை யோசித்துக் கட்டினார்கள். சுவரின் மேலே வெண்டிலேட்டர், தரையில் படுக்கப் பத்தமடைப் பாய். பங்குனி, சித்திரை வெயிலைத் தாங்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் மார்கழி இரவில் வெளியே என்ன குளிரோ அதே குளிர்தான் வீட்டுக்குள்ளும் இருக்கும்.

பின்லாந்தில் வெளியே மைனஸ் 20 இருக்கும்போது வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கும். சன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, சுவருக்குள் கனமான வெப்பத்தடுப்புப் பஞ்சு. நகரங்களில் ஒரு பொது நிலையத்தில் வெந்நீர் காய்ச்சி, பூமிக்கடியில் குழாய் போட்டுத் தெருத்தெருவாக அனுப்புகிறார்கள். ஐஸ்லாந்தில் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரே பத்தில் ஒன்பது வீடுகளைச் சூடாக்குகிறது. ரெய்க்யாவிக் நகரத்தின் சில நடைபாதைகளுக்கு அடியிலும் அந்த நீர் ஓடுவதால் அவற்றின்மேல் பனி தங்குவதில்லை. இங்கிருந்து அப்படிப்பட்ட ஊர்களுக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து நம்மோடு பேசுவதை வீடியோவில் பார்க்கிறோம். அவர்களே விடுமுறைக்கு வந்து, சூடாக்க ஏற்பாடு இல்லாத கொடைக்கானல் லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கினால் கம்பளிக்குள்ளேயே நடுங்குவார்கள்.

இது சொகுசைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. ஐரோப்பிய நாடுகளில் குளிர்கால மாதங்களில் மற்ற மாதங்களைவிட எத்தனை சதவீதம் அதிகமாக மக்கள் இறக்கிறார்கள் என்று 1988 முதல் 1997 வரையிலான பத்தாண்டுக்குக் கணக்கெடுத்தார்கள். பின்லாந்தில் அந்த அதிகரிப்பு 10 சதவீதம். வெயிலுக்குப் பேர்போன ஸ்பெயினில் 21, போர்ச்சுகலில் 28 சதவீதம். லிஸ்பன் நகரத்தில் பனி விழுவதே அபூர்வம். ஆனால் வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை, சூடாக்கும் வசதி குறைவு. ஜப்பானிலும் இதே கதை. பனிக்குள் புதைந்து கிடக்கும் ஹொக்கைடோ தீவில் குளிர்காலச் சாவு அதிகரிப்பு நாட்டிலேயே குறைவான அளவில் இருக்கிறது, தெற்கே மிதமான ஊர்களில் அதிகமாக இருக்கிறது.

இதில் பெரும்பாலோர் உறைந்து சாவதில்லை. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் கொஞ்சம் கெட்டிப்படும். ரெண்டு மூணு நாள் கழித்து மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ நெஞ்சுச் சளியாகவோ அது வெளியே வரும். அதனால் சாவுக்குக் குளிர் காரணம் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. நெல்லைச் சமவெளி வீடுகளுக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் போன்ற மலைவீடுகளுக்கு உண்டு.

பழகாத ஊரில் குளிர் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பெரிய சாட்சி. 2021 பிப்ரவரியில் டல்லாஸ் நகரத்தில் மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. கனடாவின் வின்னிபெக் ஊரில் இது சாதாரண ஜனவரி மாதக் காலை. டெக்சாஸில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையக் கருவிகளும் உறைந்து நின்றன. அந்த மாநிலத்தின் மின்கட்டமைப்பு மற்ற மாநிலங்களோடு பெரிதாக இணைக்கப்படாதது, வெளியிலிருந்து மின்சாரமும் போதுமான அளவு வாங்க முடியவில்லை. சுமார் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் கிடந்தன. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும். அங்கே தண்ணீர்க் குழாய்கள் பரணிலும் வெளிச்சுவரிலும் போனதால் வீட்டுக்கு வீடு வெடித்தன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். பலர் குளிரிலேயே போனார்கள். சிலர் வீட்டுக்குள் அடுப்பையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையில் போனார்கள். 2011இலும் இதே மாநிலம் குளிரில் மின்தடையைப் பார்த்தது. மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்தச் சொன்ன பரிந்துரைகளைக் கட்டாயமாக்காமல் விட்டதற்கு மக்கள் விலை கொடுத்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

அட்லாண்டாவில் 2014 ஜனவரியில் விழுந்தது ஆறு சென்டிமீட்டர் சொச்சம் பனிதான். பள்ளிகளையும் அலுவலகங்களையும் ஒரே நேரத்தில் விட்டார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வழுக்குச் சாலையில் ஏறி நகர முடியாமல் நின்றன. பிள்ளைகள் அன்றிரவு பள்ளிக்கூடத்திலேயே தூங்க வேண்டியிருந்தது.

சாலைக்கு வந்தால், தூத்துக்குடிப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சரக்கு ஒன்று வருகிறது. உப்பு. பனி விழும் ஊர்களில் சாலையில் கல்லுப்பைத் தூவுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் இப்படிப் போகிறது. நல்ல தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். உப்பு கலந்தால் அந்த அளவு கீழே இறங்கும். நன்றாகச் செறிந்த உப்புநீர் மைனஸ் 21 வரைகூட உறையாமல் நிற்கும். ஆனால் நடைமுறையில் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் கல்லுப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு தூவுவார்கள், இல்லாவிட்டால் டயருக்குப் பிடிப்புக் கிடைக்க மணல் போடுவார்கள். தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்பளங்களில் இறங்கி வேலை செய்கிறவர்களின் காலுக்கு உப்புநீர் என்ன செய்யும், இரும்புக்கு என்ன செய்யும் என்று இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனி விழும் ஊர்களிலும் கார்களின் அடிப்பாகம் அரித்துப்போகிறது, பாலத்துக் கம்பி துருப்பிடிக்கிறது, வசந்தத்தில் கரைந்தோடும் உப்பு ஏரிகளையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது. அதனால் இப்போது பல நகரங்களில் பனி விழுவதற்கு முன்பே உப்புக்கரைசலை லேசாகத் தெளித்துவைத்து உப்புச் செலவைக் குறைக்கிறார்கள்.

ஜப்பானின் நாகோகா ஊர்க்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருப்பது நமக்குத் தெரியும். பூமிக்குள் கொஞ்சம் ஆழத்தில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு இருக்கும், அந்த ஊரின் வருஷச் சராசரி வெப்பத்தை ஒட்டி. நமக்கு அது 28, 29 டிகிரி. நாகோகாவில் 13, 14 டிகிரி. அந்தத் தண்ணீரைப் பம்பு போட்டு எடுத்து, சாலையின் நடுவில் பதித்த சிறு துளைகள் வழியாகப் பீய்ச்சினால் விழுகிற பனி கரைந்து ஓடிவிடுகிறது. 1960களின் தொடக்கத்தில் வந்த இந்த யோசனை அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. அப்புறம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதில் சில இடங்களில் தரையே தாழ்ந்தது, கட்டுப்பாடுகள் வந்தன. ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டு ஓய்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

அதே ஜப்பானில் கூரைதான் பெரிய தலைவலி. அவோமோரி நகரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக ஐந்து மீட்டருக்கும் மேல் பனி விழுகிறது. புதுப்பனி பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். படிந்து இறுகினால் ஒரு கன மீட்டர் 300 கிலோ எடை வரும். ஆயிரம் சதுர அடி மட்டப்பாவில் ஒரு மீட்டர் உயரம் இறுகிய பனி நின்றால், ஏறக்குறைய 28 டன் சுமை. நம் வீடுகள் அதற்குக் கட்டியவை இல்லை. ஷிரகாவா கிராமத்துப் பழைய கூரைவீடுகள் கைகூப்பின மாதிரி 60 டிகிரிச் சரிவில் நிற்பது அதனால்தான். சாய்வு குறைந்த கூரைகளில் மனிதர்கள் ஏறித் தள்ளவேண்டும். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட கிராமங்களில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களே ஏறுகிறார்கள், ஒவ்வொரு வருஷமும் வழுக்கி விழுந்து பலர் சாகிறார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட, வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் முதியவர்கள் நம் கிராமங்களிலும் இருக்கிறார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

குளிருக்குப் பழகிய ஊர்களில் நான் மிகவும் மதிப்பது அவர்களின் இயந்திரங்களைவிட நிர்வாக ஒழுங்கைத்தான். கனடாவின் மான்ட்ரியால் நகரம் சாலையும் நடைபாதையுமாகச் சுமார் 10,000 கிலோமீட்டர் பனியை அகற்ற வேண்டியிருக்கிறது. ஓரமாகத் தள்ளினால் அது வசந்தம் வரை அங்கேயே கிடக்கும். அதனால் லாரியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு அள்ளுவார்கள் என்று முன்பே பலகை வைத்துவிடுவார்கள். அள்ளும் வண்டி வருவதற்கு முன் சைரன் ஒலிக்கும், அப்போதும் எடுக்காத கார்களை இழுத்துக்கொண்டு போவார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடாமல் அங்கே பதிவான காரை ஓட்டக்கூடாது. சாதாரண டயர் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும் என்பதால் இந்தச் சட்டம். முதல் பனி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை, தேதி வந்தால் டயர் மாறியிருக்க வேண்டும்.

சைபீரியாவின் யாகூத்ஸ்க் இந்த விஷயத்தில் கடைக்கோடி. மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்நகரத்தில் ஜனவரிச் சராசரியே மைனஸ் 40ஐ நெருங்கும். அடியில் நிலம் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. வீட்டுச் சூடு கீழே இறங்கினால் நிலம் இளகி வீடு சாய்ந்துவிடும் என்பதால் கட்டடங்களைத் தூண்மேல் தூக்கி நிறுத்துகிறார்கள். குழாய்களைத் தரைக்கு மேலே, போர்வை சுற்றிக் கொண்டுபோகிறார்கள்.

பழக்கமும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, பக்கத்து ஏரியின் ஈரத்தை அள்ளிவரும் காற்றால் கொட்டும் பனிக்குப் பேர்போன ஊர். அங்கேயே 2022 கிறிஸ்துமஸ் நேரத்துப் பனிப்புயலில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் காருக்குள் மாட்டிக்கொண்டவர்கள், மற்றும் சிலருக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேர முடியவில்லை.

நம் நாட்டுக்குள் வந்தால் காஷ்மீரில் கடுங்குளிர் டிசம்பர் 21 அன்று தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் என்று மக்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். சில்லே கலான் என்பது அதன் பெயர். நம் மார்கழியோடும் தையோடும் சேர்ந்து வரும் காலம் அது. அதற்குப் பின் இருபது நாள், அப்புறம் பத்து நாள் என்று குளிர் படிப்படியாகக் குறையும். சாலை மூடும் என்று தெரிந்து கோடையிலேயே கத்தரி, தக்காளி, சுரைக்காயை அறுத்து உலர்த்திவைக்கிறார்கள். நாம் மழைக்காலத்துக்குச் சுண்டைக்காயும் சீனியவரையும் வத்தல் போட்டுவைக்கிறோம் இல்லையா, அதே புத்திதான். பிரம்புக்கூடைக்குள் மண்சட்டி வைத்து, தணல் போட்ட காங்கிரியைத் தொளதொளப்பான ஃபெரன் அங்கிக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள். மலிவான, சமயோசிதமான ஏற்பாடு. ஆனால் பல வருஷம் சூடு பட்ட இடத்தில் தோல் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் அங்கே நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள்.

லடாக்கில் மரமும் விறகும் குறைவு, வெயில் அதிகம். தடித்த மண்சுவர், தெற்குப் பார்த்த பெரிய சன்னல், கீழ்த்தளத்தில் கால்நடை, வீட்டின் நடுவில் சாணி எரிக்கும் அடுப்போடு சமையலறை என்று அந்த வீடுகள் அமைந்திருக்கின்றன. நெல்லை, தென்காசி கிராமங்களிலிருந்து ராணுவத்துக்கும் எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் போன பிள்ளைகள் முதல் முதலாகப் பனியைப் பார்ப்பது பெரும்பாலும் இந்த மலைகளில்தான். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரத்தில் இறங்கியவுடன் அவர்களை வேலைக்கு அனுப்புவதில்லை. முதல் கட்டமாக ஆறு நாள் உடம்பைப் பழக்குகிறார்கள், இன்னும் மேலே போகப்போகக் கூடுதல் நாட்கள். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும் என்பதால் அங்கே ஆகாது. கம்பளியை அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குகளுக்கு நடுவே காற்றைச் சிறைபிடிக்க வேண்டும். கதவு சன்னலை அடைத்துக்கொண்டு தணலோடு தூங்கக்கூடாது என்பதையும் ஊரிலிருந்து புதிதாகப் போகிறவர்களிடம் அழுத்திச் சொல்லவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது.

இந்தியாவில் குளிரில் மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் மலைமக்களைவிட உத்தரப்பிரதேசம், பீகார் சமவெளி ஏழைகள் என்பது என் எண்ணம். வருஷத்தில் மூன்று நான்கு வாரம்தான் கடுங்குளிர், அதனால் வீடும் சரி, நிர்வாகமும் சரி, அதற்கென்று தயாராவதில்லை. மூடுபனி பகலிலும் வெயிலை மறைத்துவிடும். தெருவில் தூங்குகிறவருக்கு நாலைந்து டிகிரியும் ஒரு சாக்குத்துணியும்தான். நம் பக்கத்துக்கு வேலைக்கு வரும் வடநாட்டுத் தொழிலாளிகளிடம் கேட்டால் அந்த நாட்களைப் பற்றிச் சொல்வார்கள்.

சரி, நெல்லைச் சீமையின் குளிர்காலம் எப்படி? மார்கழிப் பனி இறங்கி இலைகள் விடியவிடிய ஈரமாகவே இருந்தால் பிசானப் பருவத்து நெற்பயிரில் குலைநோய் விழும். சங்கரன்கோவில் சந்தைக்கு மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும். விடியுமுன் பூப்பறிக்கப் போகும் பெண்களுக்கும், வயலில் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கும், கிடை போட்டு ஆட்டோடு படுத்திருக்கும் கீதாரிகளுக்கும் 20 டிகிரி உண்மையான கூதல்தான். சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி உள்ளே இறங்கினால் கொஞ்சம் தெம்பு வரும். பழைய துணியானாலும் காய்ந்த துணி கைவசம் இருந்தால் அதைவிட நல்லது.

ஆனால் மற்ற நாடுகளுக்குப் பனி எப்படியோ, அப்படி நமக்கு வந்துசேரும் ஆபத்து வடகிழக்குப் பருவமழை. மலைநாடுகள் பனியாகச் சேமித்துவைத்துக் கோடையில் உருக்கிக் குடிக்கும் தண்ணீரை, நாம் 143 அடிப் பாபநாசத்திலும் 118 அடி மணிமுத்தாற்றிலும் நூற்றுக்கணக்கான குளங்களிலும் தேக்குகிறோம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி நெல்லை நகரத்துக்குள் ஏறியது, குளங்கள் உடைந்தன, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அத்தனை மழையை எந்த ஊரும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆனால் அடைபட்ட கால்வாயும், உபரிநீர் வெளியேறும் வழியான மறுகாலை ஆக்கிரமித்ததும், திறக்க முடியாத மடைப் பலகையும் சேதத்தைக் கூட்டும் என்பது குளத்துப் பாசனக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

முன்பு ஐப்பசிக்கு முன்னாலேயே ஊர் கூடிக் கால்வாய் வெட்டி, கரையை உயர்த்தும் குடிமராமத்து இங்கே வழக்கமாக இருந்தது. 2017இல் அரசு அந்தப் பெயரில் ஒரு திட்டத்தையும் தொடங்கியது. திட்டமாக வந்தால் பணம் ஒதுக்கும் வருஷம் நடக்கும், ஒதுக்காத வருஷம் நின்றுவிடும். கியூபெக்கின் டயர் சட்டத்தில் இருப்பதுபோல இதற்கும் ஒரு தேதி வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு குளத்தின் மடையும் மறுகாலும் சோதிக்கப்பட்டு, சோதித்தவர் பெயரோடு ஊராட்சிப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலிருந்து மருதூர் மேலக்கால், கீழக்கால் வரை எந்த இடத்தில் தூர் எடுக்கவில்லை என்று மழைக்கு முன்பே மக்கள் கேட்க அது ஒன்றே போதும்.